பத்துத் தவணையும் பதினாலு மணவறையும்

கனடாவிலை சாவு வரி எண்டு ஒண்டு இல்லை. அந்த இல்லாத வரியை எப்பிடிக் கட்டுறது எண்டு சொல்லிக் குடுக்கிறதுதான் இருபத்திரண்டு வருசமா என்ரை தொழில்.

நான் சுகந்தி. ஸ்காபரோவிலை, மல்வேர்ன் பக்கத்துப் பிளாசா ஒண்டிலை, பல் டொக்டருக்கு மேலை என்ரை கந்தோர். உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை வரிக் கணக்கை ஆரும் செய்வினம். செத்த ஆக்களின்ரை கடைசிக் கணக்கு, அதுவும் சொந்தக் கொம்பனி வைச்சிருந்த ஆக்களின்ரை கணக்கு எண்டா, மற்றக் கணக்காளரே என்னட்டைத்தான் அனுப்புவினம். பெருமைக்குச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ எண்டு சொல்ல மாட்டன். பெருமைக்குத்தான் சொல்லுறன்.

உங்களிலை கனபேர் தாயோ தகப்பனோ போன கையோடை, ஒரு பை நிறையப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு கந்தோர்க் கதிரையிலை போய் இருந்திருப்பியள். அந்த மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவளின்ரை கதை இது. எல்லாம் ஒரே குடும்பத்தின்ரை ஃபைலிலை நடந்தது. பேரை எல்லாம் மாத்திப் போட்டன். பிள்ளையள் ரெண்டு பேரும் ஓம் எண்ட பிறகுதான் எழுத வெளிக்கிட்டனான்.

மயக்கத்திலை வித்தவர்

குணம் அண்ணை மணவறைக்காரர். கலியாணத்துக்கு மணவறை, தூண், யானை, பொன் நிறக் கதிரை எல்லாம் வாடகைக்குக் குடுத்து, வன் வாகனத்திலை கொண்டுவந்து பூட்டித் தாற கொம்பனி. பார்க்டேலிலை ஒரு அப்பாட்மென்ற் பேஸ்மென்றிலை ஒரே ஒரு மணவறையோடை தொடங்கினவர். ஐப்பசியிலை மாரடைப்பு வந்து ஆள் போயிட்டார். உயிலிலை கொம்பனியை மகள் வதனிக்கும் மல்வேர்ன் வீட்டை மகன் ரமணனுக்கும் எழுதியிருந்தார். வதனிதான் தகப்பனோடை நிண்டு கொம்பனியை நடத்தினவ. ஒரு சேலைக்கடைப் பையுக்குள்ளை பேப்பரை எல்லாம் அடைஞ்சுகொண்டு என்னட்டை வந்தா.

கொம்பனியின்ரை நூறு பங்கும் குணம் அண்ணையின்ரை பேரிலை. அவரின்ரை மனிசி உயிரோடை இருந்து அவவுக்கு எழுதியிருந்தா, இப்போதைக்கு வரி இல்லை எண்டு விட்டிருப்பாங்கள். மனிசி நாலு வருசத்துக்கு முன்னமே போயிட்டா. சின்னக் கொம்பனிக்காரருக்கு ஒரு வரி விலக்கு இருக்கு. ஆனா வெயர்ஹவுஸிலை பாதியை ஒரு கார் ரயர்க் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்ததாலை அதுவும் கைவிட்டுப் போச்சு. மிச்சம் இருந்தது சட்டம் மட்டும்தான். ஒரு ஆள் சாகிறதுக்கு ஒரு நொடி முன்னம் தன்ரை பங்கு முழுவதையும் சந்தை விலைக்கு வித்திட்டார் எண்டு அரசாங்கம் வைச்சுக்கொள்ளும். அந்த லாபத்துக்கு வரி. விக்காத பங்குக்குக் காசு ஒரு சதமும் வராது, வரி மட்டும் வரும். சித்திரை முப்பதுக்குள்ளை, எண்டா ஏப்ரல் முடியிறதுக்குள்ளை, கட்ட வேணும்.

இதைச் சொன்னா சிலர் என்னோடை சண்டைக்கு வருவினம், சிலர் அழுவினம். வதனி ரெண்டும் செய்யேல்லை. ஒரு கேள்விதான் கேட்டா:

"அக்கா, அப்பா கடைசி மூண்டு நாளும் மயக்கத்திலை கிடந்தவர். அவர் எப்ப வித்தவர்?"

யானைக்கு என்ன விலை

பங்குச் சந்தையிலை இருக்கிற கொம்பனி எண்டா சோலி இல்லை. செத்த நாளிலை என்ன விலை எண்டு போனைத் தட்டிப் பாத்தால் தெரியும். எங்கடை ஆக்களின்ரை கொம்பனிக்கு எந்தச் சந்தையிலை விலை கிடக்கு? ஆரும் வாங்கினதும் இல்லை, வித்ததும் இல்லை. ஒரு ஆள் நேரை போய்ப் பாத்து, கணக்குக் கொப்பியைக் கிளறி, இதுதான் விலை எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். அந்த ஆள் நஸீர். காத்தான்குடிக்காரர், என்னோடை பன்ரெண்டு வருசமா வேலை செய்யிறார். அவர் விலை போட்டு நான் அனுப்பின ஃபைல் ஒண்டும் இண்டைவரைக்கும் திரும்பி வந்ததில்லை. இதையும் பெருமைக்குத்தான் சொல்லுறன்.

கார்த்திகைக் குளிருக்குள்ளை நாங்கள் ரெண்டு பேரும் வெயர்ஹவுஸுக்குப் போனம். வதனி லைற்றைப் போட்டா. கூரை முட்டத் தூண்கள். சில்லுப் பூட்டின ஃபைபர் யானை ரெண்டு, அதிலை ஒண்டுக்கு இடப்பக்கக் கொம்பு இல்லை. அது எப்பவும் மேடையின்ரை வலப்பக்கம்தான் நிக்கும், கமராவுக்குக் கொம்பில்லாத பக்கம் தெரியாது எண்டு வதனி விளக்கம் சொன்னா. இந்தியாவிலை இருந்து கப்பலிலை வந்த அன்னம் ஒண்டு பிளாஸ்ரிக் சுத்தினபடி மூலையிலை இருந்தது. நஸீர் ஒவ்வொண்டையும் தட்டிப் பாத்து, எந்த வருசம் வாங்கினது, வருசத்துக்கு எத்தினை தரம் வெளியிலை போறது எண்டு கேட்டுக் கேட்டு எழுதினார். மூண்டு மணித்தியாலம். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. காருக்குள்ளை ஏறின பிறகுதான் நஸீர் தன்ரை கருத்தைச் சொன்னார்:

"நூத்திப் பதினாறு கதிரை, ரெண்டு யானை, ஒரு அன்னம். அக்கா, ஒட்டாவா வரிக் கந்தோரில இருந்து என்ட ரிப்போட்ட வாசிக்கிறவன் இது கொம்பனியா, மிருகக்காட்சிச்சாலையா எண்டு கேக்கப் போறான்."

கல்வெட்டிலை ஒரு மன்னன்

செத்தவருக்கு முப்பத்தொராம் நாள் சடங்கு முடியாமல் எங்கடை சனம் ஒரு பேப்பரிலையும் கையெழுத்து வைக்காயினம். அதுக்காகவே என்ரை மேசையிலை ரெண்டு கலண்டர். ஒண்டிலை வரி நாள், மற்றதிலை ராகு காலம். குணம் அண்ணையின்ரை முப்பத்தொண்டு முடிஞ்ச அடுத்த கிழமை ரமணன் ஒஷாவாவிலை இருந்து வந்தார். வதனிக்கு மூத்தவர், கார்ப் பாகம் செய்யிற ஒரு தொழிற்சாலையிலை எஞ்சினியர்.

என்னட்டை வாற ஆக்கள் எல்லாரும் விலையைக் குறைக்கத்தான் நிப்பினம். விருந்திலை மில்லியன் எண்டு பேசுற கடை, என்ரை மேசைக்கு வந்தவுடனை ஒண்டுக்கும் உதவாத கடையாப் போகும். அவையளோடை மல்லுக்கட்டித்தான் எனக்குப் பழக்கம். ரமணன் வந்தது மறுவளமா, விலையைக் கூட்டச் சொல்லி. நஸீர் முதல் போட்டுக் காட்டின ரஃப் விலையைப் பாத்திட்டு மனிசனுக்கு முகம் கறுத்துப் போச்சு. பையுக்குள்ளை இருந்து தகப்பன்ரை கல்வெட்டை எடுத்து வைச்சார். முப்பத்தொராம் நாள் அச்சடிச்சுக் குடுக்கிற நினைவுப் புத்தகம், உங்களுக்குத் தெரியும்தானே; இதை எழுதினது அவையின்ரை மாமா ஒராள். அதிலை குணம் அண்ணை "வட அமெரிக்காவின் மணவறை மன்னர்". நாலு களஞ்சியசாலை, நூற்றுக்கணக்கான ஊழியர். உண்மையிலை இருந்தது அரை வெயர்ஹவுஸும், சனி ஞாயிறிலை வாற ஏழு பேரும். "அப்பா பனிக்குள்ளை வன் ஓடி உழைச்ச கொம்பனி. உதை உப்பிடிச் சின்னதாப் போடுறதோ? இதைப் பாத்துப் போடுங்கோ" எண்டார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமும் ஒரு பக்கம். "தம்பி, நான் கூட்டியும் போட மாட்டன், குறைச்சும் போட மாட்டன். ஒவ்வொரு லட்சம் கூட்டேக்கையும் அதிலை கால்வாசிக்குக் கிட்ட வரி கூடும். கல்வெட்டு எழுதின மாமாவோ வந்து கட்டப் போறார்?" எண்டு கேட்டன். ரமணன் கல்வெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு அதைப் பையுக்குள்ளை வைச்சுப் போட்டு எழும்பினார்:

"சரி அக்கா. கல்வெட்டிலை இருக்கிறது அப்பா, உங்கடை பேப்பரிலை இருக்கிறது கொம்பனி. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ."

முக்கால் விலைக்காரர்

தை மாதம் கணக்கு ஓரளவு தெளிஞ்சுது. வரி பெரிய தொகை. குணம் அண்ணையின்ரை பாங்கிலை அதிலை அஞ்சிலை ஒரு பங்கும் இல்லை. கொம்பனிக் கட்டடம் ஏற்கெனவே பாங்குக்கு ஈடு. கொம்பனியை வித்தாத்தான் கொம்பனிக்கு வந்த வரியைக் கட்டலாம் எண்ட நிலை. அதை மோப்பம் பிடிச்சுக்கொண்டு ஒரு கலியாண மண்டபக்காரர் வதனியோடை என்ரை கந்தோருக்கே வந்திட்டார். நல்ல கோட், நல்ல வாசம், கையிலை ஒரு பெட்டி லட்டு.

அவர் சொன்ன விலை நஸீர் போட்டதிலை முக்கால். அவசரத்திலை நிக்கிற ஆளுக்கு ஆர் முழு விலை குடுக்கிறது? "சித்திரைக்கு முதலே காசு கையிலை, பிள்ளை. நீங்கள் எங்களிட்டையே மனேஜரா இருக்கலாம். உந்தத் தலையிடி ஒண்டும் வேண்டாம்" எண்டார். எனக்குப் பத்தி எரிஞ்சுது. ஆனா வந்த விலையைச் சொல்லாமல் விடுறது என்ரை தொழில் இல்லை. வேண்டாம் எண்டு சொல்ல வேண்டியது வதனி. அவ பதிவுக் கொப்பியைத் திறந்து அவருக்கு முன்னாலை வைச்சா.

"அங்கிள், ஆவணி வரைக்கும் பதினாலு பொம்பிளைப் பிள்ளையளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கிறன். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தூண், எந்தத் தாய்க்கு எந்த நிறம் எண்டு எனக்குப் பாடம். அவையளுக்கு நீங்களோ போன் எடுத்துச் சொல்லப் போறியள்?"

முதல் சீட்டு

லட்டு மட்டும் மேசையிலை மிஞ்சிச்சுது. அதைத் திண்டுகொண்டுதான் தவணைக் கதையைத் தொடங்கினன். ஒரு ஆள் செத்ததாலை வித்ததா வைச்சுக்கொண்டு வாற வரியை ஒரேயடியாக் கட்டத் தேவையில்லை. கேட்டு எழுதினா வருசத்துக்கு ஒண்டாப் பத்துத் தவணை வரைக்கும் தருவாங்கள். வட்டி ஓடும். எழுதுறதைச் சித்திரை முப்பதுக்குள்ளை எழுத வேணும், முதல் தவணையையும் அண்டைக்கே கட்ட வேணும். பிந்தினா இல்லை. இதைப் படிச்ச லோயர்மாருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வதனி ரெண்டாவது லட்டு முடியிறதுக்குள்ளை பிடிச்சிட்டா. "இது முதல் சீட்டை எடுத்திட்டுப் பேந்து மாதம் மாதம் கட்டுற மாதிரித்தானே? வட்டிதான் கழிவு" எண்டா. இருபத்திரண்டு வருசத்திலை இதைவிட வடிவா ஆரும் எனக்கே சொல்லித் தரேல்லை. இப்ப நான் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறன்.

எழுதிப் பாத்தம். வருசத்துக்கு ஒரு தவணை எண்டா கொம்பனி உழைச்சே கட்டும். பதினாலு கலியாணமும் நடந்தா முதல் வருசம் பயமில்லை. எனக்கு உசார் வந்திட்டுது. ஆனா வதனி சீட்டுப் பிடிச்சுப் பழகின ஆள், அடுத்தது என்ன எண்டு அவவுக்குத் தெரியும்:

"முதல் சீட்டை எடுக்கிறவளிட்டைப் பிணை கேக்கிறது ஞாயம்தானே அக்கா. எனக்கு ஆர் பிணை?"

ரமணனின்ரை போன்

பிணைக்கு வைக்கக்கூடியதா இருந்தது ஒண்டே ஒண்டுதான், மல்வேர்ன் வீடு. அது ரமணனுக்கு எழுதின வீடு. அதை வித்து, ரெண்டு பிள்ளையளோடை ஒஷாவாவிலை கொஞ்சம் பெரிய வீடு வாங்க அவர் விலைபேசி வைச்சிருந்தார். இப்ப அதை அரசாங்கத்துக்குப் பிணையா எழுதினா, தங்கச்சி பத்துத் தவணையும் கட்டி முடியும் மட்டும் நினைச்ச மாதிரி விக்க ஏலாது. கையெழுத்து வைக்காட்டித் தவணை இல்லை. தவணை இல்லாட்டி மண்டபக்காரர்தான். அண்ணனும் தங்கச்சியும் கதைக்கிறதை நிப்பாட்டிச்சினம். எல்லாக் கதையும் எனக்கூடாலை போச்சுது. ரமணனை நான் குறை சொல்லேல்லை; அந்த இடத்திலை நானாயிருந்தாலும் கத்தியிருப்பன். அவர் கத்தினது ஒரேயொருக்கா, போனிலை:

"அக்கா, அவள் இத்தினை வருசமும் அப்பாவோடை நிண்டு சம்பளமும் எடுத்தாள், இப்ப கொம்பனியும் எடுத்திட்டாள். மிச்சம் இருக்கிறது என்ரை வீடு. அதையும் பத்து வருசத்துக்கு அவளுக்காகக் கட்டி வைக்கட்டோ?"

பதினொராம் பக்கம்

பங்குனிக் கடைசியிலை நஸீரின்ரை முழு ரிப்போட் வந்தது. சந்தை இல்லாத பங்குக்கு விலை போடேக்கை ஒரு முறை இருக்கு. வீட்டு ஆக்கள் செய்யிற வேலைக்கு வெளியிலை ஆள் பிடிச்சா என்ன சம்பளம் குடுக்க வேணும் எண்டு பாத்து, குறைவாக் குடுத்ததை லாபத்திலை இருந்து கழிக்க வேணும். எங்கடை சனத்தின்ரை கொம்பனிக்கு இது கட்டாயம் பாக்க வேணும், ஏனெண்டா எல்லாரும் விடுற பிழை ஒண்டுதான்: வீட்டுப் பிள்ளைக்கு என்னத்துக்குச் சம்பளம்? பிள்ளை வேலை செய்யும், சம்பளம் எழுதாயினம், அது லாபமா நிக்கும், கடைசியிலை அந்த லாபத்துக்கும் பங்கு விலை எண்டு வரி வரும். நான்தான் நஸீரை அதைக் கிண்டிப் பாக்கச் சொன்னனான்.

பதினொராம் பக்கத்திலை நஸீர் எல்லாம் வெளிப்படையா எழுதியிருந்தார். பதினொரு வருசமா வதனி கொம்பனியிலை எடுத்த சம்பளம், சனி ஞாயிறு வந்து தூண் தூக்கிற பெடியங்கள் எடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. அவவுக்குக் குடுக்காத காசு லாபமா நிண்டு, குணம் அண்ணைக்குப் பங்குலாபமாப் போய், அங்கையிருந்து நேரை மல்வேர்ன் வீட்டு மோட்கேஜுக்குப் போயிருக்கு. அதைக் கழிச்ச உடனை பங்கின்ரை விலையும் இறங்கிச்சு, வரியும் நல்லாக் குறைஞ்சுது. எனக்குப் பெரிய சந்தோசம். ஆனாலும் ஒரேயடியாக் கட்டுற அளவுக்குக் குறையேல்லை. தவணை வேணும், தவணைக்குப் பிணை வேணும். உயிலை நிறைவேத்துற பொறுப்பு ரெண்டு பிள்ளையளுக்கும் இருந்தபடியா ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினன். மூண்டு கிழமை ஒஷாவாவிலை இருந்து ஒரு சத்தமும் இல்லை. மண்டபக்காரர் ரெண்டு தரம் போன் எடுத்தார். நான் பொய் சொல்லேல்லை, எனக்கு நித்திரை இல்லை.

சித்திரை இருபத்தேழு. வதனி என்ரை மேசைக்கு முன்னாலை இருந்து, பிணை இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு கேட்டுக்கொண்டு இருந்தா. மண்டபக்காரரின்ரை ஒப்பந்தம் அவவின்ரை மடியிலை கிடந்தது. பேனையும் எடுத்திட்டா. சொல்லாமல் கொள்ளாமல் ரமணன் உள்ளுக்கு வந்தார், வேலை உடுப்போடை. தங்கச்சியைப் பாக்கேல்லை. "பிணைப் பேப்பர் எங்கை?" எண்டு கேட்டார்.

நான் என்ரை கடமைக்கு எல்லாம் சொன்னன். தம்பி, அவசரப்படாதேங்கோ, வீடு கட்டுப்பட்டுப் போம், வதனி ஒரு தவணை தவறினாலும் உங்கடை வீட்டிலைதான் கை வைப்பாங்கள், ஒஷாவா வீட்டுக் கதையை மறக்க வேணும், வேணுமெண்டா உங்கடை லோயரோடை கதைச்சுப் போட்டு வாங்கோ எண்டன். கதைச்சிட்டுத்தான் வாறன் எண்டார். நாலு இடத்திலை கையெழுத்து. வதனி அழத் தொடங்கிட்டா, நானும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சன். ரமணன் பேனையை மூடி என்ரை மேசையிலை வைச்சிட்டு, இன்னும் என்னைப் பாத்துத்தான் சொன்னார்:

"அந்த வீட்டு மோட்கேஜ் அப்பா கட்டினவர் எண்டுதான் அக்கா நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தனான். கட்டினது உவள். உவளின்ரை வீட்டை உவளுக்குப் பிணை வைக்க என்னட்டை என்னத்துக்குக் கேக்கிறியள்?"

ஒட்டாவா பிணையை ஏற்றுக்கொண்டு, பதினாலு கலியாணமும் நடந்து முடிஞ்சு, இப்ப வருசா வருசம் சித்திரையிலை வதனி தவணையைக் கட்டிப்போட்டு அந்த ரசீதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிப் பெருமைப்படுறா. இந்த நாட்டிலை வரி கட்டிச் சிரிச்ச முகத்தோடை போற ஒரே ஒரு ஆளை உருவாக்கினது என்ரை கந்தோர்தான் எண்டு நானும் ஒரு பெருமையோடை இருக்கிறன்.